கழுவாத இடம்

உள்ளே போய்விட்டார். தானாகச் சாத்திக்கொள்கிற கதவு அது, மெதுவாக வந்து ஒட்டிக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், கடைசி இடுக்கில் அவருடைய முதுகு தெரிந்தது, நான் நீலம் போட்டு அலசி, கஞ்சி போட்டு, இன்று காலை தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. டாக்டர் முன்னால் அவர் கழற்றப்போவது சட்டையை அல்ல என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. நானும் கூடவே எழுந்தேன். டோக்கன் கொடுக்கிற பெண் கையைக் காட்டி, லேடீஸ் வெளியே இருங்க, தேவைன்னா டாக்டரே கூப்பிடுவார் என்றாள். உட்கார்ந்துவிட்டேன். தேவைன்னாவாம். இருபத்தொரு வருஷம் இந்த மனிதனின் உள்ளாடையைத் துவைத்தவள் நான், என்னைக் கேட்காமல் அந்த டாக்டருக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது. ஆனாலும் பரவாயில்லை, முதலில் அவர் தனியாகப் படுக்கட்டும். நான் தனியாகத்தான் படுத்தேன். பெரியாஸ்பத்திரியில் அந்தப் பச்சை ரெக்ஸின் கட்டிலில், காலை அகட்டி, முழங்காலுக்கு மேலே பாவாடையைத் தூக்கி, முகத்துக்கு நேரே இல்லாமல் அங்கே மட்டும் அடிக்கிற விளக்கு, சுற்றி டாக்டருக்குப் படிக்கிற பெண்கள் நாலு பேர், ஒருத்தி கொட்டாவி விட்டாள். அந்த விளக்கு இவருக்கும் எரியட்டும். இங்கேயும் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் இருக்கட்டும், ஒருத்தன் கொட்டாவி விடட்டும், டாக்டரின் கை ஜில்லென்று இருக்கட்டும். பட்டுப் பிரிவு சூப்பர்வைசர் குமரகுரு சார், கடையில் எந்தப் பையனின் சட்டைக் காலரில் அழுக்கு இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறவர், அவரை ஒருத்தர் விரலால் தடவிப் பார்க்கட்டும். இப்படியெல்லாம் ஒரு பெண்டாட்டி நினைக்கலாமா என்று எனக்குள்ளேயே ஒருத்தி கேட்கிறாள். நினைக்கலாம். இரண்டு வருஷமாக வேறெதையும் நான் நினைத்ததில்லை.

ஹாலில் எல்லாம் ஆம்பளைகள். பதினெட்டு நாற்காலி, பதினஞ்சு ஆம்பளை, என்னைப் போல இரண்டு பெண்டாட்டிகள். மகப்பேறு ஆஸ்பத்திரி ஹாலில் பெண்கள் பேசிக்கொண்டே இருப்போம், உங்களுக்கு எத்தனை மாசம், அதுக்கு வெந்தயம் போட்டுப் பாருங்க என்று முன்பின் தெரியாதவள் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்ப்பாள். இங்கே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. அத்தனை பேரும் செல்போனுக்குள் தலையை விட்டிருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டியவர்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை, ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, தொடையை ஒட்டவைத்துக்கொண்டு, சுவரோரமாக நடக்கிறார்கள். டோக்கன் பெண் அடிக்கடி சத்தம் போட்டுக் கேட்கிறாள், முட்டுதா சார், முட்டினா சொல்லுங்க. பேண்ட் போட்ட ஒரு பெரிய ஆபீசர் இல்லையென்று தலையாட்டுகிறார், முகத்தைப் பார்த்தால் முட்டி ரொம்ப நேரமாகிறது. சொல்லத் தெரியாத ஜாதி. எதிர்ச் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், தமிழில், படம் போட்டு. முன்தோலைப் பின்னால் தள்ளி தினமும் தண்ணீரில் கழுவுங்கள், துடைத்து உலர்த்தி மறுபடி முன்னால் இழுத்துவிடுங்கள், வாசனை சோப்பும் பவுடரும் வேண்டாம். அதற்குக் கீழே, இப்படியெல்லாம் இருந்தால் தாமதிக்காமல் வாருங்கள் என்று ஒரு பட்டியல், சிவப்பு, நாற்றம், வெடிப்பு, தோல் பின்னால் போகாமல் இறுகுவது, சிறுநீர் போகும்போது தோல் உப்புவது, ரத்தம், ஆறாத புண். ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தேதி தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்த பதினஞ்சு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, நான் மட்டும்தான் வாசிக்கிறேன். மூன்றாவது தடவையாக வாசிக்கிறேன்.

முதலில் வந்தது எனக்குத்தான், அதை நான் மறைக்கவில்லை. அரிப்பு, தயிர் திரிந்த மாதிரி வெள்ளை. பள்ளிக்கூட ஆபீசில் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே டிசி எழுதினேன். லேடி டாக்டர் மருந்து கொடுத்தார், நின்றது, இருபது நாளில் மறுபடி வந்தது. மறுபடி மருந்து, மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, உங்க வீட்டுக்காரரை அழைச்சிட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்க்கணும், இல்லைன்னா இது சுத்திக்கிட்டே இருக்கும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். ஆம்பளைகள் எப்படிக் கழுவ வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன், என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக, கூச்சத்தோடு, ஏதோ நான் திருடியதைச் சொல்கிற மாதிரி. அவர் தலைசீவிக்கொண்டிருந்தார். சீப்பை வைத்துவிட்டுத் திரும்பி, "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். கை நீட்டவில்லை, கத்தவில்லை. எங்கே கத்துக்கிட்டாய் என்றால் என்ன அர்த்தம், யாரிடம் கத்துக்கிட்டாய் என்றுதானே. மாத்திரையை வாங்கிப் பார்த்தார், ரெண்டு வேளை குளிக்கிறவனுக்கு எதுக்கு மாத்திரை என்று வாஷ்பேசினில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். அந்த ராத்திரியிலிருந்து பாயை ஹாலில் விரித்துக்கொண்டார். எனக்கு ஒட்டுவாரொட்டி வியாதியாம். என் துண்டு தனி, என் சோப்பு தனி. எனக்கு அதில்கூட அவ்வளவு கோபம் இல்லை. போகட்டும், தெரியாதவர் என்று விட்டிருப்பேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் விட்டிருப்பேன். அவர் போய் அவர் அம்மாவிடம் சொன்னார்.

கதவு திறக்கிறது. அவர் இல்லை, நர்ஸ். கையில் சின்ன பஞ்சு, ஊசி வைக்கிற தட்டு. சுகர் பார்க்கிறார்களாம். எதற்கு என்று கேட்டேன், எல்லாருக்கும் பாக்குறதுதான்க்கா என்று போய்விட்டாள். அத்தைக்கு, அதுதான் அவர் அம்மாவுக்கு, காது மந்தம். காது மந்தமானவர்களிடம் ஒரு கஷ்டம், நாம் அவர்களிடம் கத்த வேண்டும் என்பது மட்டுமல்ல, அவர்களும் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி பேசுவார்கள். நாத்தனார் மகள் யாழினிக்கு வளைகாப்பு. மண்டபம் நிறைய ஜனம். நாங்கள் ஏழு பேர் வரிசையில் நின்றோம், சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட. நான் அஞ்சாவது. தாய்மாமன் பெண்டாட்டி நான், முதல் ஆளாகக் கூப்பிட்டிருக்க வேண்டும், அஞ்சாவதாக நிறுத்தியதற்கே மனசு சுருக்கென்றது, சரி போ என்று நின்றேன். என் முறை வந்தது. வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் வாங்கிவிட்டேன், மோதிரவிரலைச் சந்தனத்தில் தொட்டும்விட்டேன். அத்தை பக்கத்தில் வந்து கிண்ணத்தைப் பிடித்தார். நான் கொடுக்கவில்லை, புரியாமல் நின்றேன். அத்தை என் காதில் ரகசியம் சொன்னார். "நீ பூச வேணாம். ஒனக்குத்தான் அந்தக் கீழ் வியாதி இருக்குல்ல, இவ பிள்ளத்தாச்சி. நீ போயி பந்தி பாரு." நாதஸ்வரம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. மண்டபத்தில் முதல் நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. மேடையில் யாழினி குனிந்துகொண்டாள். அவர் மாப்பிள்ளை வீட்டாருடன் பேசிக்கொண்டிருந்தார், அவர் காதிலும் விழுந்தது, விழுந்ததை நான் பார்த்தேன், அவர் கழுத்து ஒரு நொடி நின்றது, பிறகு அவர் பேச்சைத் தொடர்ந்தார். நான் பந்தி பார்த்தேன். விரலில் சந்தனம் காய்ந்துபோயிருந்தது, அதோடு முந்நூறு பேருக்குப் பாயசம் விட்டேன். இரண்டு பெண்கள் என் கையால் வேண்டாம் என்று இலையை மூடினார்கள். மூடினார்களா, இல்லை அவர்களுக்குப் பாயசம் வேண்டாமா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒரு பந்திப் பாயசத்தை வைத்து இரண்டு வருஷம் யோசித்திருக்கிறேன்.

யோசிக்க யோசிக்க, ஒருவேளை நான்தானோ என்றும் வந்துவிட்டது. அதுதான் இதில் பெரிய கொடுமை. ஒருத்தி மேல் அழுக்கு என்று எல்லாரும் சொன்னால் அவளே தன் கையை முகர்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவினேன், வேப்பிலை போட்ட வெந்நீர், படிகாரம், கடைசியில் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, எரிச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கழுவத் தெரியாதவளா. பதிமூன்று வயதில் பெரியவளான அன்றைக்கே அம்மா என்னைக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள், துணியை எப்படி மடிப்பது, எப்படி அலசுவது, முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் கூடாது, உள்பாவாடையை வெயில் படக் காயப்போடு, ஆனால் யார் கண்ணிலும் படாமல் காயப்போடு. பொம்பளைக்குப் பாடத்தின் மேல் பாடம். அவருக்கு யார் சொன்னார்கள். அவர் அம்மா பத்து வயதுவரை அவரைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார், காதுக்குப் பின்னால், அக்குள், குதிகால், எல்லாம் பீர்க்கங்கூடு போட்டு. அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு, அங்க கைய வைக்கக் கூடாது சாமி என்பாராம். இதைக் கல்யாணமான புதிதில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அம்பது வயதாகியும் அந்தச் சொல்லைத் தட்டவில்லை, அம்மா பிள்ளை. மேலே இருந்து ஒரு சொம்பு, அதற்கு மேல் பவுடர். டின்னைக் கவிழ்த்துக் கொட்டுவார், பாத்ரூம் தரையில் கோலமாவு சிந்தின மாதிரி கிடக்கும், அதையும் நான்தான் துடைப்பேன். மூடிய தோலுக்குள்ளே வியர்வையும் மூத்திரமும் பவுடரும் சேர்ந்து நாளெல்லாம் இறுக்கமான பேண்டுக்குள் நின்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும். சட்டை மட்டும் வெள்ளை. அவர் அம்மா என் மகன் மாதிரி சுத்தம் உண்டா என்று போவோர் வருவோரிடம் சொல்வார், சத்தமாக.

பிறகு அவருக்கும் வந்தது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். துவைக்கிறவளுக்குத் தெரியாமல் ஒரு வியாதி வந்துவிடுமா. கறை தெரிந்தது, வாடை தெரிந்தது. பவுடர் டின்னுக்குப் பின்னால் படர்தாமரைக் களிம்பு ட்யூப் இரண்டு, ஒன்று பிதுக்கிச் சுருட்டியது, மருந்துக்கடைப் பையனிடம் வேறு யாருக்கோ என்று சொல்லி வாங்கியிருப்பார். பாத்ரூமுக்குள் போனால் பத்து நிமிஷம், சொட்டுச் சொட்டாகச் சத்தம், நடுவில் ஒரு ஸ்ஸ். அந்த ஸ்ஸைக் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்பைச் சின்னதாக்குவேன், நன்றாகக் கேட்கட்டும் என்று. சொல்லட்டும், வாயைத் திறந்து வல்லி எனக்கு வலிக்கிறது என்று ஒரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். எட்டு மாசம் சொல்லவில்லை. போன வாரம் துணி ஊறவைக்கும்போது ரத்தம், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் பழி வாங்குகிற நினைப்பு வரவில்லை. ஹாலில் மாமனார் படம் மாட்டியிருக்கிறது, அதற்குப் பொட்டு வைத்தது யார், காய்ந்த மாலையை எடுத்தது யார், எல்லாம் நான்தான், நான் வருவதற்கு முன்னாலேயே போனவர். அம்பத்தெட்டு வயதில், கிட்னி ஃபெயிலியர் என்று சொல்வார்கள். அந்தப் படத்தில் இவர் முகம்தான். துணியை நீட்டி, இது என்ன என்று கேட்டேன். சூடு என்றார். நாளைக்கு லீவு போடுங்க என்றேன். போடவில்லை. நாலு நாள் கழித்து மூத்திரம் அடைத்து நெற்றியெல்லாம் வியர்த்து நின்றபோதுதான், எந்த டாக்டர் என்று கேட்டார். நானே டோக்கன் போட்டேன். இப்போது இங்கே உட்கார்ந்து நான் பயப்படுவது அவருக்காகவா எனக்காகவா என்று எனக்கே பிடிபடவில்லை. அந்தக் கதவைத் திறந்து டாக்டர் வந்து, அம்மா, இது உங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு என்று சொல்லிவிட்டால். சொல்லிவிட்டால் என்ன செய்வேன். மண்டபத்து முதல் நாலு வரிசையும் அப்போது சரி என்று ஆகிவிடும், அத்தை கிண்ணத்தைப் பிடுங்கியது சரி, இலையை மூடியது சரி. மீனாட்சி, அவருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்கக் கூடாது, ஆனால் இருப்பது அவருடையதாக இருக்க வேண்டும். இப்படி ஒரு வேண்டுதலை அவள் கேட்டிருக்க மாட்டாள்.

"குமரகுரு கூட வந்தவங்க." நான்தான். எழுந்தபோது முந்தானை நாற்காலியில் மாட்டிக்கொண்டது, இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே விளக்கு இருந்தது, நான் ஆசைப்பட்ட அதே மாதிரி வளைகிற கழுத்து விளக்கு, அணைத்திருந்தார்கள். அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார், ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு தடவை தவறினார். சட்டை கசங்கியிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், எங்கள் ஸ்கூலில் படித்துப் போன பிள்ளைகள் மாதிரி இருந்தார், உட்காரச் சொன்னார். சுகர் முந்நூற்றுப் பன்னிரண்டு, இவருக்கு இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது என்றார். அந்தச் சர்க்கரைதான் அங்கே பூஞ்சையை வளர்க்கிறது, அடிக்கடி வெடித்து ஆறி வெடித்து ஆறி முன்தோல் இறுகிவிட்டது, வெட்டி எடுத்துவிட வேண்டும், சின்ன ஆபரேஷன்தான், சுகரைக் குறைத்துக்கொண்டு வியாழக்கிழமை செய்யலாம் என்றார். பிறகு பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும், ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தால் களிம்பிலேயே முடிந்திருக்கும் என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு, அதுதான் முக்கியம் என்பது மாதிரி, வெட்கமில்லாமல், அவரை வைத்துக்கொண்டே, "டாக்டர், இது என்கிட்ட இருந்து வந்ததா?" என்று கேட்டேன். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. இவர் தரையைப் பார்த்தார். "இது போகும் வரும்மா, ரெண்டு பேருக்கு நடுவுல. ஆனா சுகர் அவருக்கு, இறுகின தோல் அவருக்கு. அதைச் சரி பண்ணாம உங்களுக்கு எத்தனை தடவை மருந்து கொடுத்திருந்தாலும் திரும்பத் திரும்ப வந்திருக்கும். வேர் உங்ககிட்ட இல்ல." டாக்டர் இதைச் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் அடுத்த டோக்கனைப் பார்த்தார், அவருக்கு அது ஒரு தகவல். எனக்கு மார்புக்குள்ளே இரண்டு வருஷமாக யாரோ ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி மூச்சு வந்தது.

வெளியே வந்து உட்கார்ந்தோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ரொம்ப நாளைக்குப் பிறகு. டோக்கன் பெண் ஒரு படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள், வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு கூட இருப்பவரின் சம்மதம், பெயர், உறவு, கையெழுத்து, போட்டால்தான் தேதி பதிய முடியும். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். கழுத்தில் ஒரு சொட்டு வழிந்தது. பாவமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். அந்தத் தடிப்பு என்ற சொல் எனக்குள்ளும் கல் மாதிரி கிடந்தது. தோளைத் தொட்டு ஒன்றும் இருக்காது என்று சொல்லியிருப்பேன், சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பாட்டிலை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். "அம்மாகிட்ட சூட்டுக் கட்டின்னு சொல்லிக்கலாம். என்ன?" என்ன என்று வேறு. நான் அதற்கும் தலையாட்ட வேண்டும். பந்தி பார்த்த மாதிரி. பேனாவின் மூடியைப் போட்டு மூடினேன். முதலில் அம்மாவுக்குப் போன் போடுங்கள் என்றேன். வீட்டுக்குப் போய் என்றார். இப்போதே என்றேன். அவர் எழுந்து மாடிப்படிப் பக்கம் நடந்தார், நான் அவர் சட்டையைப் பிடித்தேன், கஞ்சி போட்டது, மொடமொடவென்று கைக்குள் வந்தது. இங்கேயே உட்கார்ந்து பேசுங்கள், டாக்டர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், சொன்னபிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வை, கடையில் ஒரு பொம்மை வாய் திறந்து பேசின மாதிரி இருந்தது. போடாமல் விட்டுவிடுவாயா என்று கேட்டார். மூடிய பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தேன். விட்டிருக்க மாட்டேன், அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

போன் அடித்தது. அத்தை எடுத்தார். அம்மா, நான் குமரு பேசறேன் என்று அவர் முணுமுணுத்தார். யாரு, கேக்கல, சத்தமாப் பேசு என்ற குரல் எனக்கே கேட்டது, ஸ்பீக்கர் போடாமலே கேட்கும் குரல். அம்மா, டாக்டர்ட்ட வந்தேன், எனக்குத்தான் கோளாறு, வல்லி மேல ஒண்ணும் இல்ல. என்னடா, ஒண்ணும் கேக்கல, கிணத்துக்குள்ளருந்து பேசற. அவர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார், நெற்றி நரம்பு புடைத்தது, கடையில் மூன்று மாடிக்கும் கேட்க ஆள் கூப்பிடுகிற குரலை எடுத்தார். "வியாதி எனக்குத்தாம்மா. எனக்குச் சுகர். நான் கழுவ வேண்டிய எடத்தக் கழுவல. என்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போச்சு. வல்லி மேல தப்பு இல்ல." ஹாலில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். பதினஞ்சு செல்போனும் தாழ்ந்தது. டோக்கன் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் இனித்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை, மண்டபத்து நாலு வரிசைக்கு இது நாலு வரிசை. பேண்ட் போட்ட அந்த ஆபீசர் மட்டும் மெதுவாக எழுந்து அந்தப் பெண்ணிடம் போய், முட்டுது என்றார். போனில் சத்தமே இல்லை. இந்தத் தடவையும் கேட்கவில்லை போல, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அப்போதுதான் அத்தை பேசினார். ரகசியமாகப் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார். "ஒங்கப்பாவுக்கும் இப்பிடித்தான்டா ஆரம்பிச்சுச்சு. ரத்தம் வந்துச்சாடா? கிட்னின்னு சொல்லிருன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. அதுக்கு முன்ன நாலு வருசம் என்னையத்தான் டாக்டர்ட்ட இழுத்தாக. ஊரெல்லாம் எனக்குத்தான் வியாதின்னு பேசுச்சு."

ஹால் முழுக்கக் கேட்டது. அவர் வாய் திறந்தபடி இருந்தது, போன் காதோடு ஒட்டியிருந்தது. எனக்கு முதலில் அத்தையின் பழைய முகம் ஒன்று கண்ணில் வந்தது, நான் பார்த்தே இராத முகம், நாற்பது வயசு, யாரோ ஒரு டாக்டரின் கட்டிலில் படுத்து, விளக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அடுத்த நொடியே அந்தக் கை வந்தது, சந்தனக் கிண்ணத்தைப் பிடித்த கை. தெரிந்திருக்கிறது. அத்தனையும் தெரிந்து, நாலு வருஷம் அந்த வழியில் நடந்துவிட்டு, அந்தக் கையால் என்னிடமிருந்து கிண்ணத்தை வாங்கியிருக்கிறார். மகனுக்கும் இருக்கலாம் என்று தோன்றியிருந்தும் மகன் பக்கம் அந்தக் கை நீளவில்லை, பக்கத்தில் இருந்த என் மேல்தான் நீண்டது. ஒரு வார்த்தை, டேய் உங்கப்பாவுக்கும் இருந்தது, போய்க் காட்டு என்று ஒரே ஒரு வார்த்தை இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால், அந்தத் தடிப்பு என்ற சொல்லை இன்றைக்கு நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். பேனாவைத் திறந்தேன். பெயர், சௌந்தரவல்லி. உறவு, மனைவி. கையெழுத்தை முழுசாகப் போட்டேன், சுருக்காமல், மடியில் வைத்து எழுதினதில் காகிதம் ஒரு இடத்தில் கிழிந்தது. போனில் அத்தை மறுபடி பேசினார், இந்தத் தடவை குரல் உண்மையிலேயே இறங்கியிருந்தது, எனக்குக் கேட்கவில்லை. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"அம்மா கேக்குறாங்க, வல்லி கோவமா இருக்காளான்னு."

படிவத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"ஆமா, இருக்கான்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."